பிறந்தநாள் சாப்பாடு போட்டால் போதுமா?

முதியோர் இல்லங்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்கிறார்கள். ஒரு நாள் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள், இன்னொரு நாள் யாரோ ஒருவரின் அப்பாவுக்குத் திதி. வடை பாயசத்தோடு இலை போட்டு, குடும்பமே குனிந்து பரிமாறி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இருட்டும் வரை அந்தப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் இருப்பதற்குச் சில நம்பிக்கைகளே காரணம்.

நம்பிக்கை: வேளைக்குச் சோறு, மாத்திரை, சுத்தமான படுக்கை. வயசான காலத்தில் வேறென்ன வேண்டும்?

1991இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூர் முதியோர் இல்லத்துக்கு மருத்துவராகப் போன பில் தாமஸும் இதே கேள்வியைக் கேட்டார். அங்கே இருந்தவர்களை வாட்டியது சலிப்பு, தனிமை, தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றும்தான் என்று முடிவுக்கு வந்தார். இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு பறவைகள் என்று ஒரு கூட்டத்தையே உள்ளே கொண்டுவந்தார். பேசாமல் கிடந்தவர்கள் பேசினார்கள். எழுந்திருக்காதவர்கள் நாயை நடக்கக் கூட்டிப்போக முன்வந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட இன்னோர் இல்லத்தில் ஒருவருக்கு எழுதிய மருந்துகளில் பாதி அளவே இங்கே தேவைப்பட்டது.

நம்பிக்கை: யார் வந்தாலும், எப்போது வந்தாலும் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

பிறந்தநாள் விருந்தாளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை வேறு. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மாணவர் எப்போது வர வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தவர்களும், வரும் நேரம் முன்கூட்டியே தெரிந்தவர்களும் உடலாலும் மனதாலும் தெம்பானார்கள். திடீரென்று யாரோ வந்து போன குழுவுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இதற்குப் பின்கதையும் உண்டு. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றதும், நன்றாகத் தேறியிருந்தவர்களின் நிலை இறங்கிவிட்டதைத் தொடர் ஆய்வு காட்டியது. எதிர்பார்க்க வைத்துவிட்டு வராமல் போவது சாதாரண விஷயமில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அப்படியே வருகிற ஒருவர், ஆண்டுக்கொரு முறை வேன் நிறைய வரும் கூட்டத்தைவிட அதிகம் கொடுக்கிறார்.

நம்பிக்கை: பஜனை, கோயில், கேரம் போர்டு. பெரியவர்களுக்கு இவை போதும்.

பஜனை பிடித்தவருக்கு பஜனை நல்லதுதான். ஆனால் ஒரே இல்லத்தில் கணக்கு வாத்தியாரும் இருப்பார், பூக்கடை வைத்திருந்த அம்மாவும் இருப்பார், சாமி கும்பிடாத கட்சிக்காரரும் இருப்பார். மூவரையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே கோயிலுக்குக் கூட்டிப்போவதில் இருப்பது நிர்வாகத்தின் வசதி மட்டுமே. பூக்கடை அம்மாவைக் காலையில் பூ மார்க்கெட்டுக்கு ஒருமுறை அழைத்துப்போய்ப் பாருங்கள். ஒரு முழம் என்ன விலை என்று கேட்டு, அடுக்கிய மல்லியை விரலால் விலக்கி அடியில் இருப்பது நேற்றைய பூவா என்று பார்த்து, பேரம் பேசி முடிக்கும்வரை அவர் யாருடைய பராமரிப்பிலும் இருப்பவராகத் தெரிய மாட்டார்.

எல்லன் லாங்கரும் ஜூடித் ராடினும் அமெரிக்காவில் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வு, தானே முடிவெடுக்கும் இந்த உணர்வைத்தான் தொட்டது. முதியோர் இல்லத்தின் ஒரு மாடியில் இருந்தவர்களுக்குத் தொட்டிச் செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, படம் எந்த இரவு பார்ப்பது என்பதும் உங்கள் விருப்பம் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடியும் படமும் உண்டு. ஆனால் செடியைக் கவனித்தவர்களும் நாளைக் குறித்தவர்களும் ஊழியர்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

நம்பிக்கை: மறதி நோய் வந்தவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் என்ன பயன்? திரும்பும்போதே மறந்துவிடுவார்.

போன இடம் மறந்துபோகலாம். ஆனால் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துணுக்குகளைக் காட்டி அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. பார்த்த காட்சி நினைவில் இல்லாதபோதும் அது தந்த உணர்ச்சி அவர்களிடம் தங்கியிருந்தது. சாயங்காலக் காற்று தந்த நிம்மதியும் அப்படித் தங்கும். யாரோ அதட்டிய வருத்தமும் தங்கும்.

நம்பிக்கை: வெளியே போனால் விழுந்து வைப்பார். உள்ளே இருப்பதே பாதுகாப்பு.

விழும் பயம் நியாயமானது. ஆனால் உள்ளேயே வைத்திருப்பதும் ஆபத்துதான். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. தசை இளைத்த கால்தான் சீக்கிரம் தடுக்கும்.

நடக்க முடியாதவருக்கும் வழி உண்டு. கோபன்ஹேகனில் 2012இல் தொடங்கிய இயக்கமொன்றில், பெரியவர்களை முன்னிருக்கையில் உட்கார வைத்துத் தொண்டர்கள் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறார்கள். அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலைக்கு அருகே வரை போக மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து பிறகு சீரமைக்கப்பட்டது. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவது, போகிற இடத்தில் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே விசாரித்து வைப்பது, தண்ணீரும் மாத்திரையும் ஒரு மாற்றுச் சேலையோ வேட்டியோ எடுத்துக்கொள்வது, நாலு பேருக்கு மேல் கூட்டிப்போகாமல் இருப்பது. பயத்தில் பெரும்பங்கை இந்த ஏற்பாடுகளே தீர்த்துவிடும்.

அடுத்த பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் பணம் கட்டும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே இருப்பவர்களில் யாருக்கு எங்கே போய்வர ஆசை? ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடமே பேசி, அவருக்குத் தோதான நாளையும் நேரத்தையும் கேட்டு, அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.