கல்வராயன் மலைக்குக் கார் எடுக்கிறியா, தங்கச்சி?

புதுச்சேரிப் பக்கம் திருபுவனையில் வண்டி பழகிய நமக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் ஏரிக்கரை. வில்லியனூருக்கும் மதகடிப்பட்டுக்கும் ஓட்ட பிரேக்கும் ஹாரனும் போதும். மலையில் பாதி வேலையைக் கியர்தான் செய்யும்.

உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கமாக ஏறினால் வெள்ளிமலை. அதுவரை பயமில்லை. சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளில்தான் செம்மண்ணும் பெயர்ந்த ஜல்லியும் மழை அரித்த பள்ளமும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய தைரியத்தை இங்கே காட்டாதே, அது தார்ச்சாலை.

இறங்கும்போதுதான் கவனம். எந்தக் கியரில் ஏறினாயோ அதிலேயே இறங்கு. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டச் சொல்லும் அண்ணன்கள் எல்லா வீட்டிலும் உண்டு. காதில் வாங்காதே. இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கினால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும்; நியூட்ரலில்தான் குடிக்கும். இன்ஜினையே அணைத்தாலோ, இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்று. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூட்டில் பிடிமானம் குறையும். கருகல் வாசனை வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிடு. தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

மண் பாதையில் சக்கரத்தை மேட்டின்மேல் ஏற்று. நடுவில் துருத்தும் கல்லை வண்டிக்கு அடியில் விட்டால் ஆயில் சேம்பர் கிழியும். சேற்றில் முதல் கியரில் நிதானமாகப் போ, நடுவில் கியர் மாற்றாதே. மழைக்குப் பிறகு பள்ளத்தாக்குப் பக்க ஓரம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் சரியும். ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின்மேல் செந்நீர் ஓடினால் காத்திரு. முழங்கால் ஆழ ஓட்டமே காரைத் தள்ளிவிடும். மலை ஓடை ஏறிய வேகத்தில் வடிந்தும் விடும்.

குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, சட்டமே அப்படித்தான். ஆனால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி மேலிருந்து வந்தால் சட்டம் பேசாமல் ஒதுங்கு. நிறைபாரத்தோடு அவரால் பின்னால் போக முடியாது.

டேங்கை நம்ம புதுச்சேரியிலேயே நிரப்பு. விலையும் குறைவு, மேலே பங்க் தேடி அலையவும் வேண்டாம். 'டிக்கியில் ஒரே ஒரு பாட்டில் வைச்சுக்கிறேன் அக்கா' என்று எந்தத் தம்பி கெஞ்சினாலும் விடாதே, எல்லைச் சாவடியில் பதில் சொல்லப்போவது ஸ்டீயரிங் பிடித்த நீதான். மலையில் போன் சிக்னலை நம்பாதே. எந்த ஊருக்குப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று அடிவாரத்திலேயே வீட்டுக்குச் சொல்லிவிடு.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தெரியாத மண் பாதையில் நுழையாதே. பகலிலும் நுழையும் முன் டீக்கடையில் 'இந்த வழியில பஸ் போகுதாண்ணா?' என்று கேள். பஸ் போகும் என்றால் உன் கார் போகும். ஜீப் மட்டும்தான் என்றால், காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு ஜீப்பில் இடம் கேட்டு ஏறிக்கொள்.