பிழை யாருடையது?

ஒரு தொழிற்சாலையில் நாளொன்றுக்கு நூறு பொருள்கள் செய்கிறார்கள் என்று கொள்வோம். அவற்றுள் ஐந்து பழுதாக வருகின்றன. முதலாளி மேலாளரைக் கடிந்துகொள்கிறார். மேலாளர் தொழிலாளியைக் கடிந்துகொள்கிறார். மறுநாள் பழுது மூன்றுதான். கண்டிப்பு பலித்தது என்று மேலாளர் மகிழ்கிறார். அதற்கு மறுநாள் ஏழு. மீண்டும் கண்டிப்பு, சிலவேளை சம்பள வெட்டு. உலகெங்கும் நாள்தோறும் நடைபெறும் நாடகம் இது.

இந்த நாடகத்தில் பிழை உண்மையில் யாருடையது? இக்கேள்விக்கு ஊகத்தால் அன்றிக் கணக்கால் விடை காணலாம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர்கள் அமெரிக்கர் இருவர்: வால்ட்டர் ஷூஹார்ட், எட்வர்ட்ஸ் டெமிங். இருவரும் வணிகர்கள் அல்லர். பௌதிகத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். அறிவியல் மாணவர் எவரும் அவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதன் பயனோ ஒரு நாட்டின் பொருளாதாரம் வரை செல்வது.

ஒரு பக்கக் குறிப்பு

1924ஆம் ஆண்டு மே மாதம் ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பு எழுதினார். அப்போது அவர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் பணியாற்றினார். அக்குறிப்பில் ஒரு சிறு படம் இருந்தது. அதுவே பின்னாளில் கட்டுப்பாட்டு வரைபடம் என்று பெயர் பெற்றது.

படத்தின் கருத்து எளியது. எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் உண்டு. அதற்குக் காரணங்கள் இருவகை. ஒன்று, அந்த வேலை முறையிலேயே கலந்திருக்கும் பொதுக் காரணம்: மூலப்பொருளின் தரம், யந்திரத்தின் இயல்பு, வெளிச்சம், பயிற்சி முதலியன. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் தனிக் காரணம்: ஓர் உளி முறிந்தது, புதியவர் ஒருவர் தவறான அளவை வைத்தார் என்பன போல்வன. சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்ட விலக்க அளவில் எல்லைக்கோடு வரைந்துகொள்ள வேண்டும். புள்ளிகள் ஒழுங்கற்று எல்லைக்குள் சிதறிக் கிடந்தால் அவை பொதுக் காரணத்தின் விளைவு. எல்லையைத் தாண்டினால் தனிக் காரணத்தைத் தேட வேண்டும்.

நம் தொழிற்சாலைக்கு வருவோம். நூற்றுக்குச் சராசரி ஐந்து பழுது என்றால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 2.2. மேல் எல்லை பதினொன்றைச் சற்றுத் தாண்டும். கீழ் எல்லை சூன்யத்துக்குக் கீழே போவதால் அதனைச் சூன்யம் என்றே கொள்ளலாம். ஆகவே மூன்றும் ஐந்தும் ஏழும் ஒரே முறையின் வெவ்வேறு முகங்கள். மூன்று வந்த நாளில் தொழிலாளி திறமைசாலியும் அல்லன். ஏழு வந்த நாளில் சோம்பேறியும் அல்லன். கடிந்த மேலாளர் வீணாகத் தொண்டை நோக நின்றார் என்பதே கணக்கின் தீர்ப்பு.

சிவப்பு மணிகள்

இவ்வுண்மையை விளக்க டெமிங் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐம்பது குழிகள் உள்ள ஒரு மட்டையை அதில் அமிழ்த்தி எடுத்தால் ஐம்பது மணிகள் வரும். வெள்ளை நல்ல பொருள், சிவப்பு பழுது. வகுப்பிலிருந்து ஆறு பேர் தொழிலாளர்களாக முன்வருவர். டெமிங் மேற்பார்வையாளராக நின்று, குறைந்த சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுவார். மிகுதியாக எடுத்தவரை மிரட்டுவார். இறுதியில் சிலரை வேலையை விட்டும் நீக்குவார். வகுப்பு சிரிக்கும்.

ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்றால் சராசரி பத்து. திட்ட விலக்கம் எட்டின் வர்க்கமூலம், அதாவது 2.83. ஆகவே எல்லைகள் ஏறக்குறைய 1.5, 18.5. ஒருவர் ஆறும் மற்றொருவர் பதினைந்தும் எடுத்தால் அவர்களிடையே திறமையில் வேற்றுமை உண்டு என்று சொல்ல இடமே இல்லை. பெட்டியில் சிவப்பு மணிகளைப் போட்டவர் தொழிலாளி அல்லர். அவற்றை நீக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

தொழிலில் காணும் தொல்லைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறையைச் சேர்ந்தவை, ஆறே தனிக் காரணத்தால் வருபவை என்பது டெமிங்கின் மதிப்பீடு. தம் அனுபவத்திலிருந்து அவர் சொன்ன எண் அது. அளந்து கண்டது அன்று. ஆயினும் எப்பக்கம் பாரம் மிகுதி என்பதை அது காட்டும்.

திருத்தினால் கெடும்

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி குறித்த எண்ணுக்குச் சற்று மேலும் கீழுமாக அளவு காட்டுகிறது. ஒவ்வொரு அளவுக்குப் பின்னும், எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்புறம் குமிழைத் திருப்புகிறான் மாணவன். அளவுகள் செம்மைப்படும் என்றுதானே தோன்றுகிறது? நடப்பது நேர்மாறு. இப்போது ஒவ்வொரு அளவிலும் அதன் சொந்தப் பிழையோடு, முந்திய பிழையும் எதிர்க்குறியில் சேர்ந்துவிடுகிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிழைகள் சேர்வதால் திட்ட விலக்கத்தின் வர்க்கம் இருமடங்காகிறது. சும்மா விட்டிருந்தால் இருந்த சிதறலைவிட இது நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு மிகுதி.

நேற்றைய விற்பனை குறைந்தது என்று இன்று ஆணை, இன்று கூடியது என்று நாளை வேறு ஆணை என நடத்தும் தலைவர் அந்த மாணவனை ஒத்தவர். அவர் உழைப்பு பெரிது; விளைவு தீது.

டோக்கியோவில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இம்முறைகள் பரவின. பொறியாளர் பலர் வகுப்புகளில் பயின்றனர். ஆயினும் போர் முடிந்ததும் வரைபடங்கள் சுவரிலிருந்து மறைந்தன. பொறியாளர் கற்றனர், தலைவர்கள் கற்கவில்லை, அதுவே காரணம் என்று டெமிங் கருதினார்.

1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர் சங்கம் அவரை அழைத்தது. போரில் அழிந்த நாடு அது. உணவுக்கும் மூலப்பொருளுக்கும் அயல்நாட்டை நம்பி, ஏற்றுமதி செய்தே பிழைக்க வேண்டிய நிலை. அதன் பொருள்களுக்கோ வெளிச்சந்தையில் மலிவுச் சரக்கு என்னும் கெட்ட பெயர். டெமிங் பொறியாளருக்கு மட்டும் பாடம் சொல்லி நிற்க இசையவில்லை. பெரிய கம்பெனிகளின் தலைவர்களைத் தாம் காண வேண்டும் என்றார். இச்சிரோ இஷிகாவா என்னும் தொழில்துறைத் தலைவர் அவர்களைக் கூட்டினார்.

அங்கே டெமிங் எழுதிக் காட்டியது ஒரு சங்கிலி. முறை திருந்தினால் தரம் உயரும். தரம் உயர்ந்தால் மறுவேலையும் கழிவும் குறைந்து செலவு குறையும். செலவு குறைந்தால் உற்பத்தித் திறன் கூடும், நல்ல பொருளைக் குறைந்த விலையில் விற்றுச் சந்தையைப் பிடிக்கலாம், தொழில் நிலைக்கும், வேலைவாய்ப்பு பெருகும். தரம் வேண்டுமானால் செலவு கூடும் என்பதே அன்றைய பொதுநம்பிக்கை. அதனை இச்சங்கிலி தலைகீழாக்கிற்று. அவர் விரிவுரைகளின் நூலுரிமைப் பணத்தை அவர் பெற்றுக்கொள்ளாமல் விட, அதனைக்கொண்டு 1951இல் டெமிங் பரிசு தொடங்கப்பட்டது.

ஜப்பானின் ஏற்றம் முழுவதும் இந்த ஒருவரால் விளைந்தது என்று கூறுவது மிகை. கொரியப் போர்க்காலக் கொள்முதல், 1954இல் வந்து கற்பித்த ஜோசப் ஜூரான், 1962 முதல் தொழிலாளரே கூடி ஆராய்ந்த தரவட்டங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தலைவர்களே மாணவர்களாக அமர்ந்தார்கள் என்பது அங்கே நிகழ்ந்த சிறப்பு. அமெரிக்காவோ 1980இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அவரைக் காட்டிய பிறகே அவரைப் பரவலாக அறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

நம் நாட்டில்

டெமிங் டோக்கியோவில் பாடம் சொல்லும் முன்பே, அவருக்கு வழிகாட்டியான ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்துவிட்டார்! கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைத்த மகலநோபிஸ் அழைப்பின்பேரில் 1947-48இல் அவர் வந்தார். விதை ஒன்றே, விளைச்சல் ஏன் வேறுபட்டது? என் கருத்தில், இங்கே அக்கலை புள்ளியியலாரின் கலையாகவே நெடுங்காலம் நின்றுவிட்டது. அயல்நாட்டுப் போட்டி நுழையாத சந்தையில் வாங்குவோர் வரிசையில் காத்திருந்தனர். சிவப்பு மணிகளை நீக்க வேண்டும் என்ற நெருக்கடி தலைவர்களுக்கு இல்லை.

காலம் மாறியபோது விளைச்சலும் வந்தது. 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்தியக் கம்பெனி, சென்னை பாடியில் வாகனத் தடைக்கருவிகள் செய்த சுந்தரம் கிளேட்டன் ஆகும். 2002இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. தமிழகத் தொழிலாளியின் கை ஜப்பானியக் கைக்குத் தாழ்ந்ததன்று என்பதற்கு இவை சான்று. பெட்டி மாறியது, கை அதுவே.

மறுப்பும் விடையும்

எல்லா வல்லுநரும் டெமிங்கோடு உடன்பட்டவர் அல்லர். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை நடத்திய ஜாக் வெல்ச், ஆண்டுதோறும் ஊழியரைத் தரவரிசைப்படுத்திக் கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றுவதே நேர்மை என்றார். தகுதியில்லா இடத்தில் ஒருவரை வைத்துப் பொய்ப்புகழ் கூறுவது அவருக்கே தீங்கு என்பது அவர் வாதம். அதில் ஓர் உண்மை உண்டு. மனிதர்கள் மணிகள் அல்லர். திறமையில் வேற்றுமை இருக்கவே செய்யும். ஆனால் அவ்வேற்றுமை எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பாராமல் ஆண்டுதோறும் பத்துப் பேரைத் தள்ளினால், சிவப்பு மணி எடுத்த குற்றத்துக்குத் தண்டித்ததாகவே முடியும். இத்தகைய கட்டாய வரிசையை மைக்ரோசாப்ட் 2013இல் கைவிட்டது.

பரிசு பெற்றதும் பணி முடிந்தது என்பதும் இல்லை. 1965இல் டெமிங் பரிசு பெற்ற டொயோட்டாவே 2009-10இல் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. முறையை நாள்தோறும் காக்க வேண்டும்.

நம்மில் பலர் நாளை பொறியாளராகவும் அதிகாரியாகவும் அமரப் போகிறோம். நம் கீழ் நான்கு பேர் வேலை செய்வர். ஒரு பிழை நேரும்போது அவர்களில் ஒருவரை நோக்கி விரலை நீட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வேறொருவர் அங்கே நின்றிருந்தால் விளைவு மாறியிருக்குமா? பெட்டியில் மணிகளை இட்டவர் யார்? மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் நம் பெயரே விடையாக வரும். அதனை ஏற்கும் துணிவுதான் தலைமை.