கருவியும் குரலும்: தொடக்கநிலை மாணாக்கர்க்குச் சில அடிப்படைகள்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். இயலைக் கற்பிக்கும் தமிழ்த்துறையினராகிய நம்மிடம் இசையைப் பற்றி வினவும் மாணாக்கரும் உளர். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டில் உருதும், கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும், வகுப்பில் தமிழும் பேசி வளரும் இவர்கள்தம் வினா பெரும்பாலும் ஒன்றே. “இசைக் குடும்பத்தில் பிறவாத எமக்கு இது வருமா?” என்பதே அது. அதற்கு விடை கூறுவதும், கருவியிசைக்கும் வாய்ப்பாட்டுக்கும் பொதுவான அடிப்படைகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை கடந்த மாணவர்

நாதசுவர மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிபு (1924–1999) ஆந்திரத்தின் ஒங்கோலை அடுத்த கரவதியில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடம் பயின்றவர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்த அவர், தஞ்சைப் பாணியைக் கற்க விழைந்தார். முன்னரே வாசிக்கத் தெரிந்தவராயினும், நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். பின்னர்த் திருவரங்கத்திலேயே குடியமர்ந்தார். 1998-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

அவரும் பரம்பரைக் கலைஞர்தாமே எனலாம். பரம்பரை அவருக்குக் கருவியைத் தந்தது. தஞ்சைப் பாணியைத் தரவில்லை. அதனை மொழி வேறான நாட்டில், சமயம் வேறான ஆசிரியரிடம், கேட்டும் பயின்றுமே பெற்றார். ஆகவே கேள்வியே இசையின் முதற்பாடம் என்க.

மூச்சு

எழுத்தொலி பிறக்கும் முறையைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்றையே முதலாக வைத்தார். பாடுவோர்க்கும் ஊதுவோர்க்கும் அதுவே முதல். நிமிர்ந்து அமர்க. தோளை உயர்த்தாது, வயிறு விரிய மூச்சை உள்ளிழுக்க. ஒரே சுரத்தை நடுக்கமின்றி இயன்றவரை நீட்டுக. முதற் சில வாரங்களுக்கு இதுவே போதிய பயிற்சியாகும்.

நாதசுவரத்தில் விரலுக்குரிய துளைகள் ஏழே. இடைப்பட்ட சுரங்கள் துளையைப் பாதி மூடுவதாலும், சீவாளியை இதழால் பற்றும் அளவாலும், மூச்சின் அழுத்தத்தாலும் பிறக்கின்றன. திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுவினர் ஊதும் டிரம்பெட்டிலோ அழுத்தும் கட்டைகள் மூன்றே. எஞ்சிய வேலை முழுதும் இதழுக்கும் மூச்சுக்கும் உரியது. மூச்சைப் பழக்காமல் விரலைப் பழக்குவது, அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவதாகும்.

சுருதி

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குத் தமிழில் பெயருண்டு. இவற்றுள் குரலையும் இளியையும், அதாவது சட்சத்தையும் பஞ்சமத்தையும், முதலில் நிலைபெறச் செய்க. சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டுச் சிறிது நேரம் வாய் திறவாது கேட்க, பின்னர்ப் பாடுக. குரல் சுருதியோடு ஒன்றினால் இரண்டும் ஓரொலியாகும்; சிறிது விலகினும் ஒலியில் ஒருவகை அலைவு தோன்றும். அவ்வலைவைச் செவி உணரத் தொடங்கிய நாளே பாடகன் பிறந்த நாள்.

ஆடவர் பலர் ஒரு கட்டையை ஒட்டியும், மகளிர் பலர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர். பிறர் கட்டையில் பாடித் தொண்டையை வருத்துதல் கூடாது. இசைமுரசு நாகூர் அனிபாவின் உச்சக் குரலைப் பின்பற்ற விரும்பும் இளைஞர், முதலில் அவர்தம் சொற்றெளிவைப் பின்பற்றுவாராக.

தாளமும் இணைந்திசைத்தலும்

ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், மாயாமாளவகௌளை இராகத்துச் சரளி வரிசையை முதற்காலத்தில் பிழையறப் பாடிய பின்னரே இரண்டாம் காலத்திற்குச் செல்க. இப்பாடமுறையை வகுத்தவராகப் போற்றப்படுபவர் கன்னடம் பாடிய புரந்தரதாசர். பின்னர்க் கற்கும் தியாகராசர் கீர்த்தனைகளோ தெலுங்கு. பிற மாவட்ட மாணவர்க்கு அயலான இம்மொழிகள் எல்லைப்புறத்தவராகிய நமக்குத் தெருமொழிகள். பலமொழிச் சூழல் நமக்குக் குறையன்று, முதலீடு.

குழுவாக இசைப்போர்க்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதை நல்லதோர் இலக்கணம் வகுக்கிறது. தண்ணுமை ஆசிரியன் பிற கருவிகளின் குறையை நிரப்ப வேண்டும். தன் முழக்கம் அவற்றை விஞ்சாதபடி அடக்கவும் வேண்டும் என்கிறார் இளங்கோவடிகள். தன் ஒலியைக் காட்டிலும் அடுத்தவர் ஒலியை மிகுதியாகக் கேட்பவனே குழுவுக்கு உரியவன்.

நிறைவாக

சிப்காட் ஆலைகளில் முறைமாற்றிப் பணிபுரிந்துகொண்டே பயில்வோர்க்கு ஒரு சொல்: ஞாயிறு ஒருநாள் மூன்று மணி நேரம் பயில்வதினும், நாள்தோறும் அரைமணி பயில்வது மேலானது.

இசை குறித்துச் சமுதாயப் பெரியோரிடையே வேறுபட்ட கருத்துகள் நிலவுவதை அறிவோம். அதனை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் குணங்குடி மஸ்தான் சாகிபு நமக்கு விட்டுச்சென்றவை பாடல்கள். அவற்றைப் பாடத் தெரிந்தவர் நம்மிடையே இல்லாது போயின், அவை ஏட்டில் மட்டுமே வாழும். பாட விழையும் பிள்ளையைத் தடுக்குமுன் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளும், மேடையை நாடுமுன் மூச்சையும் சுருதியையும் தாளத்தையும் பழகுதல் வேண்டும்.