ஊமையான சுருதிப்பெட்டி

மகளின் பாட்டு வகுப்புக்கு வாங்கிய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி மூன்றே வருடத்தில் ஊமையாகிவிட்டது. இனி அந்தக் கம்பெனியை நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பெட்டியைத் திட்டுமுன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பல நேரம் செத்திருப்பது அதுதான். அதே வோல்ட், அதே பிளஸ்-மைனஸ் உள்ள வேறொன்றைச் செருகிப் பாருங்கள். பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டீர்களா? ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது கசிந்த வேலை, கம்பெனி பாவம். ஆனால், சரிசெய்த பிறகும் பாடப் பாடச் சுருதி தானாக இறங்கினால் மன்னிக்காதீர்கள். அந்த ஒரு வேலைக்குத்தானே அதை வாங்கினோம்! அடுத்து, சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். பழைய மாடலுக்கும் பாகம் உண்டு, இவ்வளவு ஆகும் என்று நேராகச் சொன்னால் தாராளமாக நம்பலாம். "புதுசா வாங்கிக்குங்கம்மா" என்றால், வாங்குங்கள், வேறு கம்பெனியில்.