குமிழைக் கடைசியில் தொடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ எடுக்கும் பதிவுகளை மிக்ஸ் செய்யப் பழைய ஜேபிஎல் 4311 ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கி, கடலூர் முதுநகர் வீட்டு மாடி அறையில் வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. முன்பக்கத்தில் இருக்கும் பிரசென்ஸ், பிரில்லியன்ஸ் குமிழ்களை எந்த எண்ணில் நிறுத்துவது என்று கேட்டிருக்கிறாய். என் அறையில் அவை நிற்கும் இடத்தைச் சொன்னால் உனக்கு ஒரு பயனும் இராது. உன் அறைக்கான எண்ணை நீயே கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். 12 அங்குல வூஃபர், 5 அங்குல மிட், சின்னதாக ஒரு ட்வீட்டர். பிரசென்ஸ் குமிழ் மிட்டின் அளவைக் கூட்டிக் குறைக்கும். பிரில்லியன்ஸ் ட்வீட்டரின் அளவை. வூஃபருக்குக் குமிழே கிடையாது. அது ஆம்போடு நேரடியாக இணைந்தது. ஆக, பேஸின் அளவை முடிவு செய்வது உன் அறையும், அந்த அறையில் பெட்டியை எங்கே வைக்கிறாய் என்பதும்தான். பேஸ் நிலைகொள்ளாமல் மிட்டையும் ட்வீட்டரையும் திருகினால், ஆடும் தரையில் நின்று எடை பார்த்த கதைதான். எனவே முதலில் கருவி, பிறகு அறை, கடைசியில் குமிழ்.

கருவியிலிருந்து தொடங்கு. குமிழுக்குப் பின்னால் இருப்பது ஒலியின் அளவைக் குறைக்கும் எல்-பேடு. சில்வர் பீச்சிலிருந்து வரும் உப்புக் காற்று அதன் கம்பிச் சுருளில் களிம்பு ஏற்றிவிடும். திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஓரிடத்தில் ட்வீட்டர் மௌனமானாலோ காரணம் அதுதான். ஆம்பை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பது முறை சுற்று. அதற்கும் மசியாவிட்டால் மாற்றிவிடு. ஆனால் சாதாரண வால்யூம் கன்ட்ரோலை வாங்கிப் போட்டுவிடாதே. எல்-பேடு ஒலியைக் குறைக்கும்போதும் கிராஸ்ஓவர் பார்க்கும் சுமையை 8 ஓமிலேயே வைத்திருக்கும். வால்யூம் கன்ட்ரோல் அந்தச் சுமையை மாற்றிவிடும். மிட்டும் ட்வீட்டரும் பிரியும் இடமே நகர்ந்துபோகும்.

அடுத்து, ஒரே பாட்டை மோனோவில் வைத்து இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேள். குமிழ்கள் ஒரே எண்ணில் இருந்தும் ஒன்று மங்கலாக இருந்தால் கெபாசிட்டரைச் சந்தேகப்படு. நாற்பது ஐம்பது வருடப் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் தன் மதிப்பில் நிற்காது. மாற்றினால் இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்று. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

இனி அறை. முப்பது டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். உன் அறையின் நீளம் மூன்றரை மீட்டர் என்றாய். இரண்டு சுவருக்கும் இடையில் முதலில் எழும் ஒத்ததிர்வு 50 ஹெர்ட்ஸ் அளவில் விழும். சுவரோரம் அது குமுறும். அறையின் நட்ட நடுவில் காணாமலே போகும். ஆகவே நடுவில் உட்காராதே. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார். பெட்டியை மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். பின்சுவரிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் வேறுவேறு தூரத்தில் வை. 4311-இல் வூஃபர் மேலே, ட்வீட்டர் கீழே. தாழ்வான முக்காலியில் வைத்தால் ட்வீட்டர் உன் முழங்காலைப் பார்த்துத்தான் பாடும். மிட்டும் ட்வீட்டரும் காது உயரத்துக்கு வரும்படி உயர்த்து. இரும்பு பீரோவை அறையை விட்டு வெளியேற்று. அது தன் பங்குக்கு அதிரும். நாற்காலிக்குப் பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வை. எதிரொலியின் கூர்மை தணியும். ஆனால் பேஸ் அதற்கெல்லாம் அடங்காது, இடம் மாற்றினால்தான் அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேள்.

இப்போது குமிழுக்கு வரலாம். ஒரு பெட்டியில் மட்டும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிடு. பேசுகிற அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வை. கேட்கும் அளவையும் மாற்றாதே. ஒலி குறைந்தால் காதுக்கு பேஸ் குறைவாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பிரசென்ஸைச் சிறிது சிறிதாகத் திருகு. மூக்கால் பேசுகிற சாயல் மறைந்து, ஒரே சீரான இரைச்சலாக வரும் இடத்தில் நிறுத்து. பிறகு பிரில்லியன்ஸ். அளவுக்கான மைக் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளை வைத்துச் சரிபார், இலவசமாகவே கிடைக்கிறது. செல்போன் மைக் கீழ்சுருதி ஒலிகளில் நம்பிக்கைக்கு உரியதல்ல.

பழைய பாட்டை வைத்து ட்வீட்டரை அளக்காதே. உதாரணத்துக்கு நந்தனார் படத்தை எடுத்துக்கொள், நம் சிதம்பரத்துக் கதை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடிய ஜெமினியின் ‘நந்தனார்’ 1942-இல் வந்தது. அந்தக் காலத்துத் திரை ஒலித்தடத்தில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இராது. அது மின்னவேண்டும் என்று பிரில்லியன்ஸை ஏற்றினால் இன்றைய பதிவுகள் காதைக் கிழிக்கும். தேசிகர் குரலின் கனத்தைக் கொண்டு மிட்டை மட்டும் சோதி.

குமிழே இல்லாத ஸ்பீக்கர்களின் கதையும் இருக்கிறது. 1978-இல் வந்த யமஹா என்.எஸ்.10-இன் ட்வீட்டர் கூர்மை தாங்காமல், உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அதன் மேல் டிஷ்யூ காகிதத்தை ஒட்டினார்கள். 1987-இல் கூர்மையைத் தணித்த ஸ்டுடியோ மாடலை யமஹாவே கொண்டுவந்தது. காகிதம் ஒட்டவைத்தது காது. உன் காதையும் அப்படிப் பழக்கு.

அதற்குச் சிதம்பரம் போ. பஸ்ஸில் ஒரு மணி நேரம். நடராசர் கோயிலில் தினமும் ஆறு கால பூசை. நாகசுரமும் தவிலும் ஒலிக்கும் நேரத்தில் மைக்கில்லாமல் கேள். நாகசுரச் சீவாளியின் கரகரப்பு உனக்குப் பிரசென்ஸ். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் ‘டக்’ பிரில்லியன்ஸ். அதன் இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழுந்து எழும் கனம் பேஸ். மூன்றும் எந்த அளவில் சேர்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, நீயே எடுத்த பதிவைப் போட்டுப் பார். நாகசுரம் முகத்தில் அறைந்தால் பிரசென்ஸ் கூடுதல். விரல்கூட்டுச் சத்தம் தவிலை விட்டுத் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் பிரில்லியன்ஸ் கூடுதல். 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலிக்கும் போ. ஆனால் அங்கே கேட்பது ஒலிபெருக்கி வழி வரும் சத்தம். அதை அளவுகோலாக்காதே.

சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் கோடு போட்டுவிடு. பிறகு பாட்டுக்குப் பாட்டு திருகாதே. உன் ட்வீட்டர் அதிகமாகப் பேசினால் நீ மிக்ஸில் அதைக் குறைப்பாய். ஊரார் வீட்டில் அந்தப் பதிவு மங்கித்தான் கேட்கும். பேஸ் குறைவாக வந்தால் நீ கூட்டுவாய். கேட்பவர் வீட்டில் தொப்பி ஊதிப்போகும்.

நீ பதிவு செய்வது இந்த மாவட்டத்து ஓதுவார்களையும் நாகசுரக்காரர்களையும். அவர்களில் பலருக்கு உன் பதிவு ஒன்றே மிஞ்சப்போகிறது. ஸ்பீக்கர் சரியில்லாமல் செய்த மிக்ஸைக் கேட்பவர்கள், குறை கலைஞருடையது என்றே நினைப்பார்கள். அந்தப் பழி அவர்கள் மேல் விழாமல் காப்பது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்