இருமொழி வகுப்பறையில் எண்ணறிவை அளத்தல்

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'டயானா வழக்கு' எழுந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது மெக்சிக அமெரிக்கச் சிறார், ஆங்கிலத்தில் நடத்தப்பெற்ற நுண்ணறிவுத் தேர்வைக் கொண்டு, அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது அவருட் பெரும்பாலோர் அவ்வகுப்பிற்குரியர் அல்லர் என்பது புலனாயிற்று. தாய்மொழியிலும் சோதித்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டுடன் வழக்கு முடிவுற்றது.

கணிதம் மொழி கடந்தது என்பர். மழலையர் வகுப்பில் இக்கூற்று முற்றும் பொருந்தாது. 16 என்பதற்கு ஸ்பானியச் சொல் 'தியெசிசெயிஸ்'. பத்தும் ஆறும் என்பது பொருள், நம் 'பதினாறு' போலவே. ஆங்கிலச் 'சிக்ஸ்டீனில்' ஆறு முன் நிற்க, பத்து பின் வருகின்றது. கேட்ட வரிசையில் 61 என்றெழுதும் குழந்தையிடம் இருப்பது எண்ணறிவுக் குறையா, சொல்லமைப்பின் விளைவா? மேலும், 'மாஸ்' என்னும் ஒரே ஸ்பானியச் சொல் கூட்டலையும் மிகுதியையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ இரு சொற்கள். எனவே வினாத்தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. வினாவின் கடுமையே மாறிவிடக் கூடும்.

ஏழு பொத்தான்களை முன்வைத்து எண்ணச் செய்க. பின் "மொத்தம் எத்தனை?" என வினவுக. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு, இறுதி எண்ணே தொகையைச் சுட்டும் என்பது இன்னும் தெளிவாகவில்லை எனலாம். "உனோ, தோஸ், த்ரீ" என இருமொழி கலந்து எண்ணினும் வரிசை சரியே. அதனைப் பிழையெனக் குறித்தல் தகாது. ஐந்து பொத்தான்களை எடுத்துத் தரச் சொல்வது இன்னும் நன்று. அங்கே கை விடையளிக்கின்றது. வீட்டில் பயின்ற எண்கள் ஸ்பானியத்திலும், பள்ளியில் கேட்ட 'முக்கோணம்' ஆங்கிலத்திலும் மட்டுமே தெரிந்திருக்கலாம். ஒவ்வொரு விடைக்கும் எதிரே அது வந்த மொழியையும் ஆசிரியர் குறித்து வைத்தல் வேண்டும்.