கைப்பின்னல் பாடம்: குளிரில் வாடும் குழந்தைகளுக்காக



ஆனி, ஆடி என்றால் எமது ஊர்களில் சோளகக் காற்றும் வெய்யிலும். இங்கே அவுஸ்திரேலியாவில் அவைதாம் குளிர்காலம். நுவரெலியாவில் வளர்ந்த சிலரைத் தவிர, எம்மில் பலருக்குக் கம்பளிப் பின்னல் இந்நாட்டிற்கு வந்தபின் பழகிய கலை. போர்த்துக்கொள்ள வழியற்ற குழந்தைகளுக்கு அக்கலை எவ்வாறு உதவலாம் என்று இம்முறை பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதிற் கொள்வோம். கொடுப்பவரின் விருப்பத்தை விடப் பெறுபவரின் தேவையே பெரிது. பட்டு நாடாவும் முத்துப் பொத்தானும் எமது கண்ணுக்கு அழகு. எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கோ அவை ஆபத்து.

1. தொப்பி

37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். அவற்றின் உடலில் கொழுப்புக் குறைவு. எடையோடு பார்க்கையில் தோற்பரப்பு அதிகம். ஆகவே உடற்சூடு விரைவில் போய்விடும். உடலளவிற்குத் தலை பெரிதாகையால், தலைவழியே போகும் சூடும் கணிசமானது. இதனாற்றான் வைத்தியசாலைகளில் தொப்பி அணிவிக்கிறார்கள்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ.; 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சுமார் 26 செ.மீ. விளிம்பை ஒரு பிளேன், ஒரு பர்ல் எனப் பின்னினால் அது இழுபட்டுத் தலையோடு பொருந்தும். குஞ்சம் வேண்டாம், கட்டும் கயிறும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வைத்தியசாலையில் தாதியரின் கண்காணிப்பில் அணிவிக்கும் தொப்பியை, வீட்டில் குழந்தையை உறங்க வைக்கும்போது அணிவிக்கலாகாது. தலை சூடேறலாம், தொப்பி நழுவி முகத்தை மூடலாம். தொப்பியைக் கொடுக்கும்போது இதையும் தாய்மாருக்குச் சொல்வோம்.

2. போர்வை

புதிதாகப் பழகுபவர்களுக்குச் சதுரமே ஏற்றது. 8 பிளை நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்து, சுமார் 50 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசையையும் பிளேனாகவே பின்ன வேண்டும். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறாகையால், அகலம் 25 செ.மீ. வருகிறதா என்று சில வரிசைகளின் பின் அளந்து கண்ணிகளைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். மூலைக்கு மூலை மடிக்கும்போது ஓரங்கள் பொருந்தினால் சதுரம் சரி.

அகலத்திற்கு 4, நீளத்திற்கு 7 என 28 சதுரங்களை இணைத்தால் 100 செ.மீ.க்கு 175 செ.மீ. அளவில் ஒரு போர்வை கிடைக்கும். சிட்னியில் சோனியா கிட்லி-கிங் அம்மையார் 1992 இல் தொடங்கிய 'ராப் வித் லவ்' அமைப்பு கைக்கொண்ட முறை இதுவே. தனியொருவர் பல வாரங்கள் பின்ன வேண்டியதை 28 பேர் ஆளுக்கொரு சதுரமாகப் பகிர்ந்துகொள்ளலாம். முழுப் போர்வைக்குப் பொறுமையில்லாத இளையோரும், நெடுநேரம் இருக்க இயலாத முதியோரும் ஒரு சதுரம் முடிக்கலாம் அல்லவா?

குரோசே தெரிந்தவர்கள் கைக்குழந்தைக்குப் பின்னும்போது பெரிய துளைகளுள்ள வேலைப்பாட்டைத் தவிர்த்து, நெருக்கமாகப் பின்னுதல் நன்று. துளைகளில் சின்ன விரல்கள் அகப்பட்டுக்கொள்ளும்.

3. நூல்

அக்ரிலிக் நூல் விலை குறைவு, இயந்திரத்தில் துவைக்கலாம், ஆனால் நெருப்புப் பட்டால் உருகும். ஆட்டுக்கம்பளி எளிதில் தீப்பற்றாது, நல்ல சூடு தரும். ஆனால் சாதாரண கம்பளியைச் சுடுநீரில் துவைத்தால் சுருங்கித் தடித்துவிடும். அடுப்பைச் சுற்றிப் படுக்கும் குடும்பத்திற்குக் கம்பளி நல்லது. அடிக்கடி துவைக்கும் வைத்தியசாலைக்குத் துவைக்கத் தக்க நூல் நல்லது. ஒரே போர்வையில் இரண்டையும் கலந்தால் துவைத்தபின் சுருக்கம் விழும்.

4. கொடுக்குமுன்

நூல் வாங்குமுன்னரே வைத்தியசாலையையோ உதவி அமைப்பையோ கேட்டு, என்ன அளவு, என்ன நூல், இப்போது தேவையா என்று அறிவோம். பின்னி முடித்ததும் உட்புறத்தைத் தடவிப் பார்ப்போம். தொங்கும் நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஆகவே நூல் முனைகளை நன்றாக உள்ளே கோத்து மறைத்தபின்பே வெட்ட வேண்டும். பின்னர் துவைத்து, உலர்த்தி, சுத்தமான பையில் இட்டுக் கொடுப்போம்.

யார் பின்னியது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை. அது சூடாக உறங்கினால் அதுவே எமக்குப் போதும். இந்தக் குளிர்காலத்தில் ஆளுக்கொரு சதுரத்தோடு தொடங்குவோம்.